இயற்கைக் கல்வியும் எம் ஊர்ச் சிறாரும்

தோற்றுவாய்

சென்னை மாநகரின் மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகியவற்றைச் சூழ்ந்துள்ள ஊர்களின் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்போமாயின், ஒரு சோலைக்குள் புகுந்தாற்போன்ற உணர்ச்சி உண்டாகின்றது. மாங்காடு, திருவேற்காடு, திருமுல்லைவாயில், பருத்திப்பட்டு, அத்திப்பட்டு என, மரமும் செடியும் கொடியும் நிறைந்த பெயர்கள் அவை. பூவிருந்தவல்லியோ பூவையே தன் பெயரின் முதலாகக் கொண்டுளது. தொண்டைமானுடைய யானையின் கால்கள் முல்லைக்கொடியிற் சிக்கின என்றும், அதனை விடுவிக்க அவன் வாளோச்சினான் என்றும் திருமுல்லைவாயிலின் தலவரலாறு கூறும். ஒரு வேந்தன் படையையே தடுத்து நிறுத்தும் அளவிற்கு முல்லை அங்கு மண்டிக்கிடந்தது என்பது அக்கதையின் உட்பொருள்.

இப்பெயர்களைப் பேருந்துப் பலகைகளில் நாடோறும் படிக்கும் சிறுவரை நோக்கி, ‘அத்தி எது? வேல் எது? முல்லை எது?’ என வினவின், விடை கூற வல்லார் மிகச் சிலரே. சிறுவரை மட்டும் குறைகூறுதல் முறையன்று; அவர்க்கு மூத்தோராகிய நம் நிலையும் ஏறக்குறைய அதுவே. இக்குறை எவ்வாறு நேர்ந்தது, இதனைப் போக்கும் வழி யாது என்பவற்றை, அறிஞர் ஆராய்ந்து கண்ட முடிபுகள் சிலவற்றைத் துணையாகக் கொண்டு ஈண்டுக் காண்பாம்.

பாடமாகிய இயற்கை

சுற்றுச்சூழற் கல்வி நம் நாட்டிற் புறக்கணிக்கப்பட்டதென்று எவரும் கூறவியலாது. எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், கல்விநிலையங்கள் அனைத்திலும் இதனைக் கட்டாயப் பாடமாக்குதல் வேண்டுமென உச்சநீதிமன்றம் 1991-ஆம் ஆண்டிற் பணித்தது. 2003-ஆம் ஆண்டில் அதனை மீண்டும் வலியுறுத்திற்று. அதன் பயனாகப் பள்ளிகட்குப் பாடத்திட்டம் வகுக்கப்பட்டது. பட்டவகுப்பினர்க்கும் பல்கலைக்கழக மானியக் குழு ஆறுமாதப் பாடமொன்றை அமைத்தது. பள்ளிச் சிறாரைக் கொண்ட தேசியப் பசுமைப்படை 2001-ஆம் ஆண்டிற் றொடங்கப்பெற்றது. சென்னையில் சி. பி. இராமசாமி ஐயர் பெயரால் அமைந்த சுற்றுச்சூழற் கல்வி மையம் 1989-ஆம் ஆண்டு முதல் இத்துறையிற் பணியாற்றி வருகின்றது.

யாமும் அப்பாடத்தைப் படித்தோம், தேர்வும் எழுதினோம். ஓசோன் படலத்தின் சிதைவு, அமேசான் காட்டின் அழிவு, துருவப் பனியின் உருக்கம் ஆகியவை பற்றி வினவினாற் பத்து மதிப்பெண்ணுக்கு விடையெழுத வல்லோம். ஆயின், அம்பத்தூர் ஏரி நிரம்பினால் அதன் மிகுநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து இரட்டை ஏரிக்கும் செல்லும் என்பதை அத்தேர்வு எம்மை வினவவில்லை. யாமும் அதனை அறிந்திலோம். பூவிருந்தவல்லிக்கு அண்மையிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கனஅடிக் கொள்ளளவும் உடையது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அதன் மதகுகள் திறக்கப்பட்டு, அடையாறு கரைபுரண்ட அந்நாளிலேதான் ஊரார் பலர் இவ்வளவுகளை முதன்முறையாகக் கேட்டறிந்தனர். தம் வீட்டிற்கு மேலே எந்த ஏரி உளது, கீழே எந்த ஏரி உளது என்பதை முன்னையோர் கலங்கலையும் கால்வாயையும் பார்த்தே அறிந்திருந்தனர். நம் தலைமுறையோ வெள்ளம் வந்து கற்பித்த பின்னரே அதனைக் கற்றது.

ஆராய்ச்சியாளர் கண்டவை

இயற்கையைக் காக்க முன்வருவோர் எவ்வாறு உருவாகின்றனர்? இவ்வினாவை எழுப்பி முதன்முதலாக ஆராய்ந்தோருள் ஒருவர் தாமஸ் டேனர் என்னும் அமெரிக்க அறிஞர். இயற்கைப் பாதுகாப்புப் பணியில் ஈடுபட்டோரை அணுகி, அவர்களை அவ்வழியிற் செலுத்திய அனுபவங்களை எழுதித்தருமாறு அவர் கேட்டார். 1980-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முடிபின்படி, அவ்விடைகளுள் முதலிடம் பெற்றது, இளமையில் வெட்டவெளியிலும் காட்டிலும் நீர்க்கரையிலும் கழித்த பொழுதே. பின்னர் லூயிஸ் சாலா என்னும் அம்மையார் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தாரையும் நார்வே நாட்டாரையும் இவ்வாறே வினவினார். அவர் விடைகளில் இரண்டு காரணங்கள் ஓங்கிநின்றன. ஒன்று, இளமையிற் பழகிய இயற்கையிடம். மற்றொன்று, அவ்விடத்தை மதிக்கக் காட்டிய குடும்பத்துப் பெரியோர். இடம் மட்டும் போதாது, உடன்வரும் ஒருவரும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படுகின்றது.

நான்சி வெல்ஸ், கிறிஸ்டி லெக்கீஸ் என்னும் இருவர் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. அமெரிக்க நகரங்களில் வாழும் ஏறத்தாழ 2,000 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். பதினொரு வயதிற்குமுன் காட்டில் நடந்தும் விளையாடியும் மீன்பிடித்தும் திரிந்தவர், முதிர்ந்தபின் இயற்கையின்பாற் பற்றுடையராய்க் காணப்பட்டனர். பூக்கொய்தல், விதையிடுதல் முதலிய தோட்டப் பழக்கமும் ஓரளவு பயன் தந்தது. ஆனால் திட்டமிட்டு நடத்தப்படும் இயற்கைக் கல்வி நிகழ்ச்சிகளிற் பங்குகொண்டமைக்கு அத்தகைய தொடர்பு எதுவும் புலப்படவில்லை! பாடமாகக் கற்பிப்போர் அனைவரும் சிந்திக்கவேண்டிய செய்தி இது.

பெயரறிவு பற்றியும் ஓர் ஆராய்ச்சியுண்டு. இங்கிலாந்திற் பள்ளிச் சிறார்க்கு அந்நாட்டின் சாதாரண உயிர்களின் படங்களையும், போக்கிமான் என்னும் விளையாட்டிற் காணும் கற்பனை உயிர்களின் படங்களையும் ஒருங்கே காட்டி, பெயர் கூறுமாறு கேட்டனர். எட்டுவயதுச் சிறார் மெய்யுயிர்களைவிடப் பொய்யுயிர்களையே மிகுதியாக அடையாளங் கண்டனர் என 2002-ஆம் ஆண்டிற் பால்ம்ஃபர்டு என்பாரும் அவர் துணைவரும் எழுதினர். இதனாற் சிறாரின் நினைவாற்றல் குறைந்துவிட்டது என்று கருதுதற்கில்லை. யாது அவர் கண்முன் வைக்கப்படுகின்றதோ அதன் பெயரை அவர் விரும்பிக் கற்கின்றனர் என்பதே உண்மை.

பீட்டர் கான் என்னும் உளநூலறிஞர் மற்றொரு நுட்பத்தைக் கண்டார். ஒவ்வொரு தலைமுறையும் தான் பிறந்தபொழுது கண்ட உலகையே இயல்பான உலகென்று கொள்கின்றது. முன்பு இருந்து மறைந்தது எதுவென்பதை அஃது அறியாது. சாக்கடை கலந்த ஏரியைப் பிறந்தது முதற் காணும் பிள்ளைக்கு ஏரியென்றால் அதுவே. டேவிட் சோபெல் என்பார் 1996-ஆம் ஆண்டில் ஆசிரியர்க்கு ஓர் எச்சரிக்கை விடுத்தார். மிக இளஞ்சிறார்க்குக் காடழிவும் உயிரழிவும் பற்றிய துயரச் செய்திகளையே முதற்கண் புகட்டினால், அன்பு அரும்புமுன் அச்சம் அரும்பிவிடும். அஞ்சிய பிள்ளை அப்பொருளினின்று விலகிச்செல்லும் என்பது அவர் கருத்து. ரேச்சல் கார்சன் அம்மையாரும், 1956-ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில், குழந்தையின் வியப்புணர்ச்சி வாடாதிருக்க, அதனைப் பகிர்ந்துகொள்ளும் பெரியவர் ஒருவரேனும் அதற்கு வேண்டும் என்று வற்புறுத்தினார்.

இவ்வாராய்ச்சிகள் பெரும்பாலன மக்களின் நினைவை நம்பி எழுந்தவை. அமெரிக்கக் காடும் ஆவடி ஏரியும் ஒன்றல்ல. ஆதலின், இது காரணம், அது காரியம் என்று உறுதியாக முடிவுகட்டுதல் தகாது. ஆயினும், பல நாட்டிற் பலர் தனித்தனியே ஆராய்ந்தும் ஒரே திசையைச் சுட்டுவராயின், அதனைப் புறந்தள்ளுவதும் அறிவுடைமையாகாது.

ஏரிக்கரையில் யாம் கற்றது

ஈண்டு எம் அனுபவம் ஒன்றைக் கூறாதிருத்தல் நேர்மையன்று. யாம் ஓய்வுநாட் பாடசாலையிற் சிறுவகுப்பொன்றைக் கற்பித்து வருகின்றோம். மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் ஆகாயத்துப் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் கவனிக்குமாறு பணித்த பகுதி ஒருநாட் பாடமாக வந்தது. நான்கு சுவர்களுக்குள் அதனைக் கற்பிக்க மனமின்றி, சிறாரைப் பெற்றோர் இசைவுடன் ஆவடிப் பருத்திப்பட்டு ஏரிக்கு அழைத்துச் சென்றோம். முன்னர்ச் சீர்கெட்டிருந்த அவ்வேரி தூர்வாரிச் செப்பனிடப்பட்டு, நடைபாதையுடன் 2019-ஆம் ஆண்டிற் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

நீரோரத்திற் சாம்பல் வெண்மை நிறத்ததாய் ஒரு பெரிய பறவை நின்றது. ஒரு சிறுவன் அதனை நெடுநேரம் நோக்கியிருந்து, “அக்கா, அந்தப் பறவைக்கு வாய் மூடாதா?” என்றான். உண்மையே, அதன் அலகு நடுவே ஒட்டாமல் இடைவெளி விட்டிருந்தது. “அதன் பெயர் என்ன?” என்பது அவன் அடுத்த வினா. யாம் விழித்தோம். “ஒரு நாரை” என்றோம். “என்ன நாரை?” என்றான் அவன். அதற்கு முந்திய திங்களிலேதான் கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலுள்ள தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயரையும் ஒன்றுவிடாது ஒப்பித்து ஆசிரியரிடம் பாராட்டுப் பெற்றிருந்தோம். அப்பாராட்டு எம் நினைவிற்கு வந்தது, நாணம் மேலிட்டது.

அங்கு உலாவ வந்த முதியவர் ஒருவர் இதனைக் கேட்டு நின்றார். “அது நத்தைகுத்தி நாரை, கண்ணு. நத்தையைப் பிடிப்பதற்கென்றே அதற்கு அந்த வாய்” என்றார். சிறுவன் முகம் மலர்ந்தது. பின்னர் யாம் நூல்களிற் றேடிப் படித்தோம். வழுக்கும் நத்தையைப் பற்றிக்கொள்ள அவ்விடைவெளி உதவுகின்றது. அலகின் நுனியை ஓட்டினுட் செலுத்தி உள்ளிருக்கும் தசையை அறுத்தெடுத்து அது தின்னும். குஞ்சுகளுக்கு அவ்விடைவெளி இராது, வளருங்கால் உண்டாகின்றது. இவ்வளவையும் தேடச்செய்தது ஒரு சிறுவனுடைய வினாவும் ஒரு முதியவருடைய ஒரு சொல்லுமேயாம்.

பெயரில் அடங்கிய பாடம்

அன்று முதல் எம் உள்ளத்திற் பதிந்தது இதுவே: நம் மொழியில் உயிர்களுக்கு வழங்கும் பெயர்களே இயற்கைக் கல்வியின் அரிச்சுவடி. நீரில் மூழ்கி மூழ்கி எழுவது முக்குளிப்பான். நெற்றியில் வெள்ளை நாமம் தரித்தது நாமக்கோழி. தாமரையிலைமேல் நடந்து திரிவது இலைக்கோழி. பாம்புபோற் கழுத்தை நீருக்குமேல் நீட்டுவது பாம்புத்தாரா. இலையைத் தைத்துக் கூடு சமைப்பது தையற்சிட்டு. தவிட்டு நிறமுடையது தவிட்டுக்குருவி. இலைக்காம்பின் கீழே காய்ப்பது கீழாநெல்லி. தொட்டவுடன் கூம்புவது தொட்டாற்சுருங்கி. முட்டையிடக் கரையேறும் காலத்தையே பெயராகப் பெற்றது பங்குனி ஆமை. இவை ஒவ்வொன்றும், யாரோ ஒருவர் நின்று நிதானித்து நோக்கிக் கண்ட உண்மை. பெயரைச் சொல்லிக்கொடுத்தால் அந்நோக்கையும் சேர்த்துக் கொடுத்தவராவோம். பெயர் மறைந்தால் அந்நோக்கும் மறையும்.

இலக்கண நூலார் பொருளை முதல், கரு, உரி எனப் பகுத்தமையும் இவ்விடத்து நினையத்தக்கது. நிலமும் பொழுதும் முதல்; அந்நிலத்து மரமும் விலங்கும் புள்ளும் நீரும் கரு; மக்களின் உள்ளத்துணர்ச்சி உரி. நிலத்தையும் அதன் உயிர்களையும் அறியாதார்க்கு அவற்றின் வழியாக எழும் உணர்ச்சி எங்ஙனம் விளங்கும்? முல்லையைக் கண்டறியாத மாணவன் முல்லைத்திணையைப் படிப்பது, உப்பறியாதவன் கடலைப் பற்றிப் பேசுவதனை ஒக்கும்.

பெயர்களைத் திரட்டும் இப்பணியில் நம் திருச்சபையின் முன்னோர் சிலர் வழிகாட்டிகளாய் விளங்கினர். 1776-ஆம் ஆண்டிற் றரங்கம்பாடிக்கு வந்து, பின்னர்ச் சென்னை வேப்பேரியிற் பணியாற்றி, 1836-ஆம் ஆண்டில் மறைந்த ரோட்லர் ஐயர், நற்செய்தித் தொண்டுடன் செடிகொடிகளையும் தேடித் தொகுத்தார். தமிழ்ச் சொற்களையும் தொகுத்தார். அவரது தமிழ்–ஆங்கில அகராதியின் முதற்பகுதி 1834-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர் உலர்த்திச் சேர்த்த செடிகள் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திற் போற்றப்படுகின்றன. சொல்லைத் தொகுப்பதும் செடியைத் தொகுப்பதும் அவர்க்கு வெவ்வேறு தொழிலாகத் தோன்றவில்லை போலும். தரங்கம்பாடியிற் பள்ளிகள் நடத்திய ஜான் ஐயரும் உயிர்நூலில் ஈடுபாடுடையவர். நாம் மண்ணுளி என்று வழங்கும் பாம்பின் விஞ்ஞானப் பெயரில் அவர் பெயர் இன்றும் நிலைத்துளது. பிற்காலத்தில், 1937-ஆம் ஆண்டு தாம்பரத்திற்குப் பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வளாகத்தைச் சோலையாக்கப் பாடுபட்ட எட்வர்ட் பார்ன்ஸ் என்பார் வேதியியற் பேராசிரியர். ஆதலின், இஃது உயிர்நூல் பயில்வோர்க்கே உரிய வேலையென்று எவரும் ஒதுங்குதற்கு இடமில்லை.

தமிழில் இப்பணியைச் செய்தோரையும் மறத்தலாகாது. மா. கிருஷ்ணன் அவர்கள் விலங்கும் பறவையும் பற்றித் தமிழிலும் எழுதினார். சு. தியடோர் பாஸ்கரன் அவர்கள், இயற்கை பற்றிய நல்ல தமிழ்ச்சொற்கள் வழக்கொழிந்து வருதலைச் சுட்டி, அவற்றை மீட்டல் வேண்டுமெனத் தம் கட்டுரைகளில் வற்புறுத்தி வருபவர். மொழியைக் காத்தலும் இயற்கையைக் காத்தலும் ஒன்றனையொன்று தழுவியவை என்பதற்கு இவர்தம் எழுத்தே சான்று.

தடைகள்

சிறாரை ஏரிக்கரைக்கு அனுப்புக என்று எழுதுதல் எளிது. அனுப்புவோர் படும் அச்சத்தையும் எண்ணுதல் வேண்டும். ஏரிகள் ஆழமானவை, கரைகளிற் பாம்புண்டு. பெண்மக்களைத் தனியே அனுப்பப் பெற்றோர் துணியார். அதனினும் பெரிய தடை, நீரின் நிலை. கழிவுநீர் கலந்து நாறும் நீர்நிலையை நோக்கிப் பிள்ளையை எவ்வாறு அன்பு செலுத்தச் சொல்வது? கொரட்டூர் ஏரியிற் கழிவுநீர் கலத்தலை எதிர்த்து அவ்வூர் மக்கள் ஓர் இயக்கமாகத் திரண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றனர். அவ்வாறு வழக்காட வந்தோர்க்கு ஏரி ஒரு செய்தித்தாட் பொருளன்று. அவர்கள் நாடோறும் காணும் நீர். அறிமுகமில்லாத ஒன்றற்காக எவரும் நெடுநாட் போராடுதல் அரிது. ஆகவே, ஏரி தூய்மையான பின்னர்ப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோம் என்று காத்திருத்தல் முறையன்று. இன்று அதனை அறிந்த பிள்ளைகளே நாளை அதனைத் தூய்மை செய்விப்பர்.

நாம் செய்யத்தக்கன

முதலாவது, பல இடங்களுக்கு ஒருமுறை செல்லுதலினும், ஓரிடத்திற்குப் பலமுறை செல்லுதல் நன்று. பள்ளிக்கு அருகிலுள்ள ஒரு வேப்பமரமோ, ஏரியின் ஒரு மூலையோ போதும். ஆடியிலும் ஐப்பசியிலும் தையிலும் பங்குனியிலும் அதே இடத்தைக் காணும் பிள்ளை, நீர் ஏறுவதையும் வடியாநின்றதையும், வலசைப் பறவை வருவதையும் செல்வதையும் தானே கண்டுகொள்ளும்.

இரண்டாவது, பெயரேடு ஒன்று வைத்தல். கண்டது, கண்ட நாள், வீட்டில் அதற்கு வழங்கும் பெயர் என மூன்றே பத்திகள் வேண்டும். பெயரறியப் பாட்டியரையும் தாத்தாக்களையும் வினவுமாறு செய்க. கரிசலாங்கண்ணியையும் பொன்னாங்கண்ணியையும் வேலியோரத்தில் இனங்காணவல்ல பாட்டி, எழுத்தறியாதவளாயினும் அன்று அப்பிள்ளைக்கு ஆசிரியையாவாள்.

மூன்றாவது, துயரச் செய்தியைக் காலமறிந்து கூறுதல். சிறியோர்க்கு முதலில் நட்பு. வளர்ந்தபின் அந்நட்பிற்கு நேர்ந்துள்ள இடுக்கண். இம்முறை மாறுதல் கூடாது.

நான்காவது, மாணவராகிய நாமே உடன்செல்லுதல். 1988-ஆம் ஆண்டிற் சென்னை மாணவர் சிலர் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர், ஆண்டுதோறும் முட்டையிடும் பருவத்தில் இரவெல்லாம் கடற்கரையில் நடந்து முட்டைகளைக் காத்து வருகின்றனர். பொதுமக்களையும் உடனழைத்துச் செல்கின்றனர். பொங்கல் விடுமுறையிற் றமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர் பறவைகளைக் கணக்கெடுக்கின்றனர். அதிற் கலந்துகொள்ளத் தேர்ச்சிச் சான்று எதுவும் வேண்டா. கடலுக்கு மாணவர் செய்ததை ஏரிக்கு நாம் செய்யலாகாதா? திங்களுக்கு ஒரு காலைப்பொழுது, பத்துப் பிள்ளைகள், இரண்டு மாணவர், ஒரு பெற்றோர். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை.

முடிவுரை

மனிதனைத் தோட்டத்தில் வைத்த இறைவன், அதனைப் பண்படுத்திக் காக்கும் பொறுப்பை அவனுக்கு அளித்தார் என்றும், உயிர்களை அவனிடம் கொணர்ந்து அவற்றுக்குப் பெயரிடச் செய்தார் என்றும் ஆதியாகமம் கூறும். காத்தலும் பெயரிடுதலும் அங்கு அடுத்தடுத்து நிற்கின்றன. நம் முன்னோர் பெயரிட்டு வைத்துச் சென்றனர். அப்பெயர்களை மறவாது அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைத்தலே நம்மால் இயன்ற காவல். தமிழ் பயில்வோராகிய எமக்கு அக்கடன் இரட்டிப்பாக உண்டென உணர்கின்றோம்.

மறுதிங்கள் யாம் மீண்டும் பருத்திப்பட்டு ஏரிக்குச் சென்றோம். முன்னர் வினவிய சிறுவன் தன் தங்கையையும் அழைத்து வந்திருந்தான். நீரோரத்தில் அப்பறவை நின்றது. யாம் வாய்திறக்குமுன், “அதுதான் நத்தைகுத்தி” என்று அவளுக்கு அவனே காட்டினான்.